கிளாக் வந்து சேரும் வழி

சில்லின் பகுதிகளை ஒரே தாளத்தில் இயக்கும் துடிப்பே கிளாக். ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் சில்லில் ஒரு கிளாக் சுற்றுக்கு 1000 பிகோ நொடிகள்தான் (பிகோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) உண்டு. அதற்குள், துடிப்பு வரும்போது ஒரு பிட்டைப் பதிந்து வைக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப் ஒன்றிலிருந்து கிளம்பிய தரவு, இடையிலுள்ள தர்க்கச் சுற்றுகளைக் கடந்து, அடுத்த ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கு மறு துடிப்பு வருவதற்குச் சற்று முன்னரே சென்று நிலைத்திருக்க வேண்டும். இது செட்டப். புதிய தரவு, முந்தைய மதிப்பு பதிவாகும் முன்பே வந்து அதை அழித்துவிடவும் கூடாது. இது ஹோல்டு. செட்டப் தவறினால் வேகத்தைக் குறைத்தாவது சில்லை ஓட்டலாம். ஹோல்டு கணக்கிலோ கிளாக் சுற்றின் நீளமே வருவதில்லை என்பதால், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அந்தப் பிழை அப்படியே இருக்கும். அதனால்தான் நான் எப்போதும் ஹோல்டுக்கே அதிகம் அஞ்சுகிறேன்.

மதுரைக்கு மேற்கே வடபழஞ்சியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வரும் இளம் பொறியாளர்களில் பலர், ஸ்க்யூவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கிளாக் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். பெரியாற்றுக் கால்வாயில் தலைமடையில் பாய்ந்த தண்ணீர் கடைமடைக்குப் பிந்தித்தான் வரும் என்பது மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. கிளாக்கும் ஒரே வேரிலிருந்து மரம்போல் கிளைத்துத்தான் ஃப்ளிப்-ஃப்ளாப்புகளைச் சென்றடைகிறது; அந்தக் கிளைகளின் முனைகளுக்கு இடையே அத்தகைய வித்தியாசம் எவ்வளவு என்பதே ஸ்க்யூ. ஆனால் அந்த ஒற்றை எண், எந்த முனை எந்த முனையோடு தரவு பரிமாறுகிறது என்பதைச் சொல்வதில்லை.

ஒருமுறை, "ஸ்க்யூ நன்றாகத்தானே இருக்கிறது அண்ணே, பிறகு ஏன் இவ்வளவு ஹோல்டு பிழைகள்?" என்று ஒரு தம்பி கேட்டார். இருவரும் அமர்ந்து பாதைகளை வரைந்து பார்த்தோம். அருகருகே இருந்த இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்புகளுக்கு, கிளாக் மரத்தின் வேருக்குப் பக்கத்திலேயே பிரிந்த இரண்டு கிளைகளிலிருந்து துடிப்பு வந்துகொண்டிருந்தது. கிளைகள் பிரிந்த பிறகான பொதுவல்லாத பகுதி ஒவ்வொன்றும் 500 பிகோ நொடி என்றும், ஒரே சில்லுக்குள் நேரும் உற்பத்தி வேறுபாட்டுக்காக இருபுறமும் 5 விழுக்காடு ஒதுக்குகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். அனுப்பும் கிளை 475இலும் பெறும் கிளை 525இலும் வந்து சேர்வதாகவே, மிக மோசமான நிலையை எடுத்துக்கொண்டு, நேரத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் கணக்கிடும். பெயரளவில் ஸ்க்யூ பூஜ்யமாக இருந்தும் 50 பிகோ நொடி பறிபோகிறது. பாதையின் பொதுவான பகுதிக்கு மட்டுமே இந்த இழப்பு திருப்பித் தரப்படும். தரவுப் பாதையில் தாமத பஃபர்களை (சமிக்ஞையை வலுவாக்கி அப்படியே கடத்தும் சிறு சுற்றுகளை) செருகி இதைச் சரிக்கட்டலாம். அவை இடத்தையும் மின்சாரத்தையும் தின்னும். நாங்கள் அந்த ஃப்ளிப்-ஃப்ளாப்புகளை ஒரே கிளையின் கீழ்க் கொண்டுவந்தோம். என் பார்வையில் அதுவே முறையான தீர்வு.

கம்பிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஃபர் இல்லாத நீண்ட கம்பியின் தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே கிளாக்கின் முதன்மைக் கம்பிகளை மின்தடை குறைந்த மேல் உலோக அடுக்குகளில், இரட்டை அகலமும் இடைவெளியும் விட்டு, தேவையான இடங்களில் பக்கத்துச் சமிக்ஞைகளின் குறுக்கீட்டைத் தடுக்க இருபுறமும் கிரவுண்டு கம்பி ஓட்டி அமைக்கிறோம். இதனால் மற்ற சமிக்ஞைகளுக்கான பாதைகள் குறைகின்றன என்று குழுவில் வாக்குவாதம் எழும்; அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மின்சாரச் செலவும் சிறிதல்ல. 1992இல் வெளிவந்த ஆல்ஃபா 21064 என்ற செயலிச் சில்லில் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு கிளாக்குக்கே சென்றது. இன்று பயன்படாத பகுதிகளுக்குக் கிளாக்கை நிறுத்திவைக்கும் கேட்டுகளை வைக்கிறோம். கேட்டை வேருக்கு அருகே வைத்தால் மிச்சம் அதிகம். ஆனால் அங்கே துடிப்பு முன்னதாகவே வந்துவிடுவதால், கேட்டைத் திறப்பதா மூடுவதா என்று சொல்லும் அனுமதிச் சமிக்ஞைக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடும். ஆகையால் ஒவ்வொரு கேட்டின் இடத்தையும், தர்க்கம் எழுதியவர்களோடு பேசி முடிவு செய்த பிறகே கிளாக் மரத்தைக் கட்டத் தொடங்குகிறோம்.