இலைகளின் நடுவே ஒரு சிலுவை

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கை பெரிய வீதியோடு சேரும் முனையில் ஒரு குருசு, வழியோரச் சிலுவை, நிற்கிறது. விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்கள் அதன் முன் நின்று நெற்றியில் அடையாளம் இட்டுக்கொள்வார்கள். கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிறவர்கள் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போவார்கள். அவர்களில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்குள் ஒருநாளும் வராத பிற சமயத்தவர்களும் உண்டு. சென்ற மாரியில் பின்னுக்கு எடுத்த லொறியொன்று இடித்ததில் அதன் பீடம் பிளந்துவிட்டது. மேசன் வேலையிலேயே தலை நரைத்த என் மாமா அதைத் திருத்திக் கட்டும் பொறுப்பை ஏற்றார். பழையபடி சீமெந்தில் ஒரு சதுரப் பீடம் போதும் என்பது அவருடைய எண்ணம். கட்டுவதற்கு முன் அநுராதபுரத்துக் கற்சிலுவையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் அவரை வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

வற்புறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. திருகோணமலையில் பிறந்த கத்தோலிக்கனுக்குக் கல்லும் குருசும் ஒன்றாக வரும் இடத்தில் மனதில் ஒரு நெருடல் உண்டு. 1622 இல் கோணேசர் கோவிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். இன்று பிரெடறிக் கோட்டை எனப்படும் அதன் வாசலில், இரட்டைக் கயல் பொறித்த கோவிற்கல்லைச் சிறுவயது முதல் கடந்துதான் நான் கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலைக்கு ஏறியிருக்கிறேன். குருசு என்ற சொல்லும் அவர்களுடைய 'குரூஸ்' என்பதிலிருந்து வந்ததுதான். அவர்களுடைய மாலுமிகள் 1482 இல் தியோகோ காவோ புறப்பட்ட காலந்தொட்டு, ஆபிரிக்கக் கரை நெடுகச் சிலுவையும் அரச சின்னமும் தாங்கிய கற்றூண்களை நட்டு, இவ்விடம் எம் அரசனுடையது என்று அறிவித்துச் சென்றார்கள். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புக் கட்டும்போது 1875 இல் வெளிப்பட்ட பாறையிலும் அதே சிலுவையும் சின்னமும் இருந்தன. வழிப்போக்கன் கும்பிட நட்ட கல் வேறு, எல்லை காட்ட நட்ட கல் வேறு என்பதை நான் அறிவேன். ஆயினும் நம் நாட்டுச் சிலுவைகள் எல்லாம் பீரங்கிக் கப்பலில் வந்தவையோ என்ற கேள்வி என்னை விட்டதில்லை.

பன்குளம், ஹொரவப்பொத்தானை, மிஹிந்தலை வழியாக 100 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பயணம். வழி நெடுகக் காடும் குளமும் வயலும். மாமா பாதித் தூரம் உறங்கினார்.

அந்தச் சிலுவை தனித்து நிற்கும் சிலுவையன்று. வழுவழுப்பான கருங்கல் தூணொன்றின் பக்கத்தில் வெட்டப்பட்டது. படிப்படியாக அமைந்த பீடத்தின் மேல் அது எழுகிறது; கைகளின் நுனிகள் பூப்போல விரிகின்றன; பீடத்திலிருந்து இரு பக்கமும் இரண்டு இலைகள் கிளம்பிச் சிலுவையை விட்டு வெளிப்புறமாகச் சுருள்கின்றன. பாடுபட்ட இயேசுவின் உருவம் அதில் இல்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார். "பாருங்கோ மருமகன், சுத்தியிருக்கிற கல்லை எடுக்கேல்ல. உருவத்தைக் கல்லுக்குள்ளயே இறக்கியிருக்கு. ஒரு உளி தவறினாலும் திருத்த ஏலாத வேலை" என்றார்.

1912 இல் அகழ்வின்போது இது கிடைத்தபோது, அன்றைய தொல்பொருள் ஆணையாளர் அயர்ட்டன் இதனைப் போர்த்துக்கேயச் சிலுவை என்றே கருதினார். கொட்றிங்ரன் போன்ற பிற்கால ஆய்வாளர்கள்தாம் இதனைப் பாரசீகக் கிறிஸ்தவர்களோடு இணைத்தார்கள். எனக்கு இரண்டாவது கருத்தே நியாயமாகப் படுகிறது. போர்த்துக்கேயர் 1505 இல் இத்தீவுக்கு வந்தபோது அநுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்து ஐந்நூறு ஆண்டுகளாகியிருந்தன. அவர்கள் கோட்டை கட்டி ஆண்ட கரையோரங்களில் அது ஒன்றுமன்று. 6 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வணிகரான கொஸ்மாஸ், இத்தீவில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோவிலும் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட ஒரு குருவும் இருந்தமையை எழுதியிருக்கிறார். சென்னை பரங்கிமலையில் 1547 இல் வெளிப்பட்ட, பகலவி என்ற பழைய பாரசீக எழுத்துச் சூழ்ந்த கற்சிலுவையும், கேரளத்தின் பழைய கிறிஸ்தவக் கோவில்களில் உள்ள அதே குடும்பத்துச் சிலுவைகளும் இதற்கு உறவுதான். அவற்றிலும் உருவம் இல்லை. அடியில் இலையோ இதழோ விரிந்திருக்கும்.

இவற்றை மாமாவுக்குச் சொல்லிக்கொண்டு வரும்போது இன்னொன்றும் சொன்னேன். நாம் செபப் புத்தகத்தில் வாசிக்கும் சிலுவை என்ற சொல், அந்தப் பாரசீகக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் பயன்படுத்திய சிரியாக் மொழியின் 'ஸ்லீவா'விலிருந்து வந்தது. குருசு ஒரு கப்பலில் வந்தது, சிலுவை வேறொரு கப்பலில் வந்தது. பின்னதில் வந்தவர்கள் வணிகர்கள். எந்தக் கோவிலையும் இடிக்காமல், பௌத்த அரசரின் நகரத்துக் கருங்கல்லில் அவர்கள் தங்கள் அடையாளத்தை வெட்டிக்கொள்ள இடம் கிடைத்திருக்கிறது என்பதை நினைக்கையில், கோட்டை வாசலைக் கடக்கும்போது நான் சுமந்துவந்த பாரத்தில் ஒரு பங்கு இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை. இடித்த கல் இடித்த கல்தான்.

இருட்டியபின் ஊர் வந்து சேர்ந்தோம். குருசடியில் யாரோ வைத்த மெழுகுதிரி இரண்டு, பிளந்த பீடத்தின் மேல் எரிந்துகொண்டிருந்தன. மாமா வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்று, கைச்சாணால் பீடத்தின் அகலத்தை அளந்தார். சதுரம் வேண்டாம், மூன்று படியாக ஏற்றுவோம் என்றார். பிறகு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இலை வைப்பதற்குச் சீமெந்து போதாது, கல்லே வேண்டும், கருங்கல் எங்கே எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.