நம்ம எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?

என் மாமனாருக்கும் தெற்குத்தெரு சித்தப்பாவுக்கும் டீக்கடையில் பந்தயம். தோற்றவர் மற்றவருக்கு ஒரு மாசம் டீக்காசு கொடுக்கணும். பேச்சு ஆரம்பித்தது நூறு நாள் வேலையில். அது எப்படியோ 2020-க்குப் போய், மூணு வேளாண் சட்டத்தில் வந்து நின்றிருக்கிறது. "நம்ம எம்.பி. எதிர்த்துதான்யா ஓட்டுப் போட்டாரு" என்று மாமா சொல்ல, "எழுத்துல காட்டு, ஒத்துக்கிறேன்" என்று சித்தப்பா சொல்ல, மாமா நேராக என் கடைக்கு வந்துவிட்டார்.

நான் மன்னார்குடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு, ஹால் டிக்கெட் என்று எல்லாம் எடுத்துக் கொடுப்பேன். வில்லங்கச் சான்றே எடுக்கிறவளுக்கு ஒரு எம்.பி.யின் ஓட்டை எடுப்பது பெரிய விஷயமா என்பது மாமாவின் நினைப்பு. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். எங்கள் மாவட்டம் திருவாரூர், ஆனால் எம்.பி. தொகுதி தஞ்சாவூர். கலெக்டரைப் பார்க்கக் கிழக்கே பஸ் ஏறணும், எம்.பி.யைப் பார்க்க மேற்கே ஏறணும். 2020-ல் எங்கள் எம்.பி. எஸ்.எஸ். பழனிமாணிக்கம். 1996-லிருந்து 2009 வரை வரிசையாக ஐந்து முறை ஜெயித்தவர், 2019-ல் ஆறாவது முறையாக வந்திருந்தார். இப்போது இருப்பவர் ச. முரசொலி. இருவருமே திமுக.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரெண்டு ராத்திரி நாடாளுமன்ற இணையதளத்தில் உட்கார்ந்தேன். 2020 செப்டம்பர் 17, மக்களவை. அன்றைக்குத்தான் மூன்றில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. அவை நடவடிக்கை மொத்தமும் கிடைக்கிறது. யார் பேசினார், யார் குறுக்கிட்டார், எல்லாம் இருக்கிறது. ஓட்டெடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ரெண்டே வரி: தீர்மானம் அவையின் முன் வைக்கப்பட்டது, நிறைவேறியது. அவ்வளவுதான். பேரும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது.

குரல் வாக்கெடுப்பு. சபாநாயகர் "ஆதரிப்பவர்கள் ஆம் என்க" என்பார், ஒரு சத்தம் வரும். "எதிர்ப்பவர்கள் இல்லை என்க" என்பார், இன்னொரு சத்தம் வரும். எது பெரிய சத்தம் என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதுதான் முடிவு. ஏலக்கடையில்கூட யார் எவ்வளவு கேட்டார் என்று ஒருத்தர் எழுதிக்கொண்டிருப்பார்.

பேர் பதிவாகணும் என்றால் யாராவது எழுந்து 'டிவிஷன்' கேட்கணும். கேட்டால் மணி அடித்து, வெளியே போனவர்களெல்லாம் உள்ளே வர நேரம் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு பட்டனை அமுக்கச் சொல்வார்கள். மிஷின் இல்லாவிட்டால் சீட்டு: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, ரெண்டுமில்லை என்றால் மஞ்சள். ஆனால் தேவையில்லாமல் டிவிஷன் கேட்கிறார்கள் என்று சபாநாயகருக்குத் தோன்றினால், அவரவர் இடத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடலாம் என்றும் மக்களவை விதியில் இருக்கிறது. அப்போதும் பேர் ஏறாது.

மூணு நாள் கழித்து, செப்டம்பர் 20-ல், மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டுக் கத்தியதும், துணைத் தலைவர் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்ததும், மறுநாள் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம் ஆனதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு அன்றைய சம்பவத்தில் பிடித்தது இன்னொன்று. அதிமுக அந்தச் சட்டங்களை ஆதரித்த கட்சி. முதல்வராக இருந்த பழனிசாமியே விவசாயிக்கு நல்லது என்று பேசினார். அதே கட்சியின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் மாநிலங்களவையில் எழுந்து மசோதாவைக் குறை சொல்லிப் பேசினார். ஓட்டு என்று ஒன்று நடந்திருந்தால் அவர் எந்தப் பட்டனை அமுக்கியிருப்பார்? அந்தச் சங்கடமே அவருக்கு வரவில்லை.

2021 நவம்பர் 29-ல் அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான், அதுவும் விவாதமே இல்லாமல். வரும்போதும் பேர் இல்லை, போகும்போதும் பேர் இல்லை. ஒரு வருஷமாக டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஊர், பேர், டிராக்டர் நம்பர் வரைக்கும் இருந்தது.

இதை மாமாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "வக்ஃபு மசோதாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நம்பர் சொன்னானே டிவியில?" என்றார். அதுவும் நிஜம். 2025 ஏப்ரலில் ஆதரவு 288, எதிர்ப்பு 232. நாகூர் தர்கா பக்கத்து மாவட்டம்தான் என்பதால் எங்கள் பக்கம் அன்றைக்கு ராத்திரி நிறைய வீட்டில் டிவி ஓடியது. அங்கே எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டார்கள், நடந்தது, எண்ணிக்கை கிடைத்தது. அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கேட்கவே வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறதா என்று எண்ணித்தான் ஆகணும். அதனால்தான் 2023-ல் மகளிர் இடஒதுக்கீட்டுக்கு 454-க்கு 2 என்றும், அந்த ரெண்டு பேர் ஓவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்றும் நமக்குத் தெரிகிறது. சாதாரண மசோதா என்றால் யாராவது அடம் பிடித்தால்தான் உண்டு.

சரி, பேர் கிடைக்கிற ஓட்டாவது அவருடைய ஓட்டா? மாமாவுக்கு இங்கேதான் கோபம் வந்தது. 1985-ல் 52-ஆவது திருத்தமாக வந்தது கட்சித்தாவல் தடைச் சட்டம். இப்படித்தான் ஓட்டுப் போடணும் என்று கட்சியின் கொறடா உத்தரவு போட்ட பிறகு மாற்றி ஓட்டுப் போட்டாலும், போடாமல் வெளியே போனாலும் பதவி போகும். பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்தால்தான் தப்பிக்கலாம். உத்தரவுத் தாளில் அடிக்கோடு இருக்கும். ஒரு கோடு என்றால் கொஞ்சம் தளர்வு, மூணு கோடு என்றால் அசையக்கூடாது. "கொறடான்னா குறடு மாதிரியாம்மா? பிடிச்சா விடாதோ?" என்றார். அர்த்தம் அது இல்லை, ஆனால் நான் திருத்தவில்லை.

கட்சிக்கும் அது எப்போதும் நிம்மதி என்று சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் அதிமுக ஆதரவாக ஓட்டுப் போட்டது. 2021 தேர்தல் அறிக்கையிலேயே, அதைக் கைவிடச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. குரல் வாக்கெடுப்பாக இருந்திருந்தால் பாதிக் கேள்வி வந்திருக்காது.

பந்தயம் இருக்கட்டும் என்று எனக்காகவே மேலே தேடினேன். பி.ஆர்.எஸ். என்று ஒரு அமைப்பு, எம்.பி. ஒவ்வொருவருக்கும் வருகை, கேள்வி, விவாதம், தனிநபர் மசோதா என்று கணக்கு வைத்திருக்கிறது. தேர்தல் நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் 'உங்கள் எம்.பி.யின் மார்க்' எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து எடுத்ததுதான். ஆனால் வருகைக் கணக்கு என்பது ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி இல்லை. அமைச்சர்கள் கையெழுத்தே போடுவதில்லை, கேள்வியும் கேட்க முடியாது. பழனிமாணிக்கம் மன்மோகன் சிங் ஆட்சியில் நிதித்துறை இணையமைச்சராக இருந்த வருஷங்களில் அவர் கணக்கைத் தேடினால் காலியாகத்தான் இருக்கும். அதை வைத்து அவர் வரவே இல்லை என்று ஒருத்தர் மீம் போட்டாலும் போடுவார்.

வராததற்கும் காரணம் ஒன்று இல்லை. 2019 ஜனவரியில் மேகதாது அணைக்கு எதிராக அவையின் நடுவில் நின்று கோஷம் போட்டதற்காக 24 அதிமுக எம்.பி.க்களை ஐந்து அமர்வுக்கு வெளியே அனுப்பினார்கள். எங்கள் தண்ணிக்காகக் கத்திவிட்டு வெளியே இருந்ததும், கல்யாணத்துக்குப் போனதும் கணக்கில் ஒரே மாதிரிதான் விழும். இதைவிட வேடிக்கை 2023 டிசம்பரில் நடந்தது. இடைநீக்கப் பட்டியலில் சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் பேரும் இருந்தது. அவர் அன்றைக்கு அவைக்குள்ளேயே இல்லை! பிறகு ரத்து செய்தார்கள். வராதவருக்கும் ரகளை செய்தார் என்று பேர் ஏறுகிறது, வந்தவர் போட்ட ஓட்டுக்குப் பேர் இல்லை.

பந்தயத்தின் தாய்க்கதையான நூறு நாள் வேலைக்கு வருகிறேன். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 125 நாள் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். காகிதம் கிழிபட்ட கூச்சலுக்கு நடுவில், மறுபடியும் குரல் வாக்கெடுப்பு. முன்னே கூலி முழுக்க மத்திய அரசு பணம், இனி நாற்பது சதவீதம் மாநிலத்தின் தலையில். திமுக எதிர்த்தது. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. ஆனால் அதில் ஒரு பிரிவு இருக்கிறது: விதைப்பு, அறுப்பு நேரத்தில் வருஷத்துக்கு 60 நாள் அந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். எங்கள் வீட்டிலேயே அதில் ஒற்றுமை இல்லை. நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்த மாமாவுக்கு அது தேன். "அந்த அறுபது நாள்ல வயல்ல கூலி கொறைச்சாக் கேக்க எங்களுக்கு வேற வேலை இருக்காதுல்ல" என்று அத்தை ஒரு போடு போட்டார். அத்தையின் தங்கச்சி நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கிறார். மாமாவும் அத்தையும் ஒரே எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். அவர் "இல்லை" என்று கத்தியிருந்தால் அது யாருக்காக?

அதனால்தான் எனக்குக் கேள்விகள்மேல் ஒரு மரியாதை வந்தது. கேள்வி கேட்க மூணு கோட்டுத் தாள் எதுவும் தேவையில்லை. எம்.பி. தன் பேரில் எழுதிக் கொடுக்கிறார், பதில் அமைச்சர் பேரில் அச்சில் வருகிறது. ஒரு நாளைக்கு நட்சத்திரம் போட்டது 20, போடாதது 230, எல்லாம் குலுக்கலில். நட்சத்திரம் போட்டதற்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்லணும், மேற்கொண்டு குடையவும் செய்யலாம். மற்றதெல்லாம் எழுத்தில் வரும். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. வேளாண் சட்டம் வந்த அந்த 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தொடரில் எவரும் எந்த அமைச்சரையும் நின்று பதில் சொல்ல வைக்க முடியவில்லை.

எங்களுக்குக் கேட்க ஒரு கேள்வி தயாராக இருந்தது. போன ஐப்பசி மழையில் எங்கள் குறுவை நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே ரோட்டோரம் பதினோரு நாள் கிடந்தது. தார்ப்பாயைத் தூக்கினால் முகத்தில் ஆவி அடிக்கும். ஒவ்வொரு நாளும் மாமா நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். "டக்குனு ஒடியுது, காஞ்சிருச்சு" என்பார். அங்கே இருந்த தம்பி ஒரு பிடி அள்ளி ஈரப்பதக் கருவியில் போட்டு மூடியைத் திருகுவார். 19.4. விதி 17 சதவீதம். மாநில அரசு 22 வரை தளர்த்தச் சொல்லிக் கேட்டது, மத்தியக் குழு வந்து பையில் மாதிரி எடுத்துக்கொண்டு போனது. அதற்குள் அடிமூட்டையில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அந்தத் தம்பியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, எண்ணை அவர் முடிவு செய்யவில்லை.

எம்.பி.க்கு ஒரு கடிதம் டைப் அடித்தேன். 'வாழ்வாதாரம் காக்க ஆவன செய்யுமாறு' என்கிற மாதிரி எதுவும் இல்லாமல் மூணே கேள்வி. கடைசி ஐந்து வருஷத்தில் ஈரப்பதத் தளர்வு கேட்டுத் தமிழ்நாடு எந்தெந்தத் தேதியில் எழுதியது? மத்தியக் குழு எந்தத் தேதியில் வந்தது? உத்தரவு எந்தத் தேதியில் போனது? தேதிகளை அடுத்தடுத்து வைத்தாலே போதும். தஞ்சாவூர் எம்.பி. மட்டுமல்ல, நாகப்பட்டினம், மயிலாடுதுறை எம்.பி.க்களும் கேட்கலாம். மூணு பேரும் வேறு வேறு கட்சி என்றாலும் இதில் சண்டை இல்லை.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் படித்தார். பந்தயத்தைப் பற்றிக் கேட்டேன். ஓட்டே எண்ணாதபோது பந்தயமே செல்லாது என்கிறார். எழுத்தில் காட்ட முடியவில்லை, அதனால் தான்தான் ஜெயித்தேன் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கிறாராம். டீக்கடைக்காரர் இதுவரை ரெண்டு பேர் கணக்கையும் தனித்தனியாகத்தான் எழுதுகிறார்.

"ரெண்டு காப்பி போடும்மா, ஒண்ணு அவனுக்கும் காட்டணும்" என்றார். போட்டேன். படி இறங்கப் போனவர் திரும்பி வந்து, "அந்த நட்சத்திரம் போட்ட கேள்வியா கேக்கச் சொல்லி எழுதுனியா?" என்றார். எழுதவில்லை. தாளை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே பேனாவால் சேர்த்துக் கொடுத்தேன்.