31 நாளில் ஒரு கல்வெட்டு

வேலைக்குப் போகச் சப்பாத்து லேஸ் கட்டக் குனிந்த என் கணவர் நிமிரவில்லை. 2024 ஓகஸ்ட் 28, புதன்கிழமை, காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். 58 வயது. ஒரு மாத்திரைகூடப் போடாத மனுசன்.

திடீர் மரணம் என்பதால் பிரேத பரிசோதனை, மரண விசாரணை எல்லாம் நடந்தன. முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டார், நெஞ்சு நோ என்று எப்போதாவது சொன்னாரா என்று விசாரணை அதிகாரி கேட்டார். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் என்றேன். இதயக் குழாய் அடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். பொரளை கனத்தை மயானத்தில் தகனம், பிறகு காடாத்து, எட்டுச் செலவு என்று சடங்குகள். அந்த நாட்களில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மரணப் பதிவு, சேமலாப நிதி அலைச்சல் எல்லாம் இன்னொரு நாளைக்கு. மரணச் சான்றிதழில் ஏழெட்டுப் பிரதி முதலிலேயே எடுத்து வையுங்கள், அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லுவேன்.

எழுத வந்தது கல்வெட்டு பற்றி. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீட்டில் சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். இப்போது அட்டையில் ‘நினைவு மலர்’ என்று போட்டாலும் வீட்டுக்குள் அது கல்வெட்டுத்தான். ஒன்று செய்யும்வரை, அதற்குள் இவ்வளவு வேலை இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

முதலில் திதி வெண்பா. பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்டர் எழுதித் தருவதாகச் சொன்னார். உயிர் பிரிந்த நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வருஷம், மாதம், பட்சம், திதி நாலும் அந்த நாலு வரிக்குள் வர வேண்டும். ஆண்டுத் திவசம் செய்வது அந்தத் திதியை வைத்துத்தானே, தேதியை வைத்து இல்லையே. குரோதி வருஷம், ஆவணி மாதம், அபரபக்கத் தசமி. பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, “பிள்ளை, மனுசன் எப்பிடிப்பட்டவர்?” என்று கேட்டார். கணக்காளர் என்றேன். “நான் அதைக் கேக்கேல்ல” என்றார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

வம்சாவளிப் பக்கம் இன்னொரு கூத்து. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அவருடைய தமையனுக்கும் கனடாவில் இருக்கிற தங்கச்சிக்கும் பாட்டனாரின் தம்பிமார் மூன்று பேரா நாலு பேரா என்பதில் இரண்டு நாள் வட்ஸ்அப் சண்டை. நாலாவது ஆள் சின்ன வயதிலேயே போனவராம். அவரையும் சேர்த்தோம்.

நான் பிடிவாதமாக நின்றது புலம்பல் பக்கத்தில்தான். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் அச்சகத்தின் கொம்பியூட்டரிலேயே தயாராக இருந்தது, பெயரை மாற்றினால் சரி. வாசித்துப் பார்த்தேன். “பூவிழந்தேன் பொட்டிழந்தேன்” என்று எனக்காக யாரோ எப்போதோ அழுது வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். “புலம்பல் இல்லாட்டிச் சனம் என்ன சொல்லும்?” என்றார் பிள்ளைகளின் பெரியப்பா. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மாதத்தில் நான் சத்தமாகப் பேசிய ஒரே இடம் அது என்று நினைக்கிறேன்.

மகள் ஒரு படம் கொண்டுவந்தாள். 2022 மே மாதம், அவளுடைய சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தின கிழமை, போனில் எடுத்தது. காஸ் தட்டுப்பாட்டு நேரம், வரிசையில் அப்பா வெறும் சிலிண்டருக்கு மேல் சாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மடியில் அவளுடைய வரலாற்றுப் புத்தகம். வீட்டில் கரண்ட் இல்லாத நேரங்களில் புத்தகத்தையும் டோர்ச்சையும் தூக்கிக்கொண்டு அவள் வரிசைக்கே போய்விடுவாள். அவர் கேள்வி கேட்பார், அவள் நின்றபடி பதில் சொல்லுவாள். பின்னால் நின்றவர்களும் சில நேரம் பதில் சொல்லுவார்களாம், அதுவும் பிழையாக. படத்தில் சிலிண்டரில் வெள்ளைப் பெயின்ற்றால் 147 என்று எழுதியிருப்பது தெரியும், ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு. அவர் ஒருநாளும் ஏழை அப்படி எழுதமாட்டார்.

“கல்வெட்டில சாரத்தோட இருக்கிற படமோ?” என்றார் பெரியப்பா. கோட் போட்ட ஸ்டூடியோப் படம் முன்னட்டைக்கு முடிவாகியிருந்தது. மகள் பேசாமல் எழும்பிப் போனாள். நானும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஜனாதிபதித் தேர்தல் நேரம். கொட்டாஞ்சேனை அச்சகத்தில் துண்டுப்பிரசுர வேலை முடியும்வரை எங்களுக்கு இடமில்லை. புரூப் வந்தது செப்டெம்பர் 21, வாக்களிப்பு நாள் இரவு. பத்து மணிக்கு ஊரடங்கு போட்டுவிட்டார்கள், அடுத்த நாள் மத்தியானம் வரை நீட்டினார்கள். கொழும்புக் காலி வீதியில் ஒரு பஸ் சத்தம் இல்லை. மூன்று பேரும் மேசையில் இருந்து வரி வரியாகப் பார்த்தோம். ‘தோற்றம்’ என்பதற்குக் கீழே 1966 என்று இருக்க வேண்டியது 1996 என்று இருந்தது. “அப்பாக்கு 28 வயசாம்” என்றான் மகன். சிரித்துவிட்டோம். அவர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

திருத்தத்தை அனுப்பியபோது அச்சகத்துத் தம்பி ஒரு விஷயம் சொன்னார். நடுவில் மடித்து ஊசி அடிக்கிற புத்தகம் என்பதால் பக்கக் கணக்கு நாலால் பிரிபட வேண்டும். எங்களிடம் 42. “ரெண்டு பக்கம் சும்மா கிடக்குது அக்கா, இன்னொரு தேவாரம் போடவோ?”

வேண்டாம் என்றேன். ஒரு பக்கத்தில் அந்தப் படம். மற்றப் பக்கத்தில் மகள் எழுதியது: அப்பா கேட்ட கேள்விகள் 11, அவள் சொன்ன பதில்கள், அவற்றில் பிழையான மூன்று. பெரியப்பாவுக்குப் புத்தகம் கட்டி வந்த பிறகுதான் தெரியும். பார்த்தார், மூடி வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 27, முகத்துவாரத்தில் அந்தியேட்டி முடித்து வீட்டுக்கு வந்தோம். 200 பிரதியும் ஒரு பெட்டியில். மேல்மாடிச் சிங்கள ஐயாவும் சாப்பிட வந்திருந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மரியாதைக்கு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நடுப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புத்தகத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், அந்த ஏழில் விரலை வைத்தார்.

“இது நான் எழுதினது” என்றார் சிங்களத்தில். பெயின்ற் டின்னோடு வரிசை நெடுக நம்பர் போட்டுக்கொண்டு போனவர் அவராம். தன்னுடையது 146 ஆம்.

போகும்போது இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.