தாண்டிக்குடி காபிக்கு ஐரோப்பா கேட்கும் முகவரி

ஐரோப்பாவுக்குக் காபி அனுப்புகிறவர்கள் இனித் தோட்டம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். காடழிப்புக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2023இல் வந்தது. அமலாகும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு இப்போது 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. எங்களிடம் வாங்கும் ஜெர்மன் நிறுவனம் அதுவரை பொறுக்கவில்லை. போன அறுவடைக்கே விவரம் கேட்டது. திண்டுக்கல் மாவட்ட மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரச் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியில் ஏற்றுமதி என் பொறுப்பு. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த காபி அல்ல என்று காட்ட வேண்டும். நான்கு ஹெக்டேர் வரையிலான தோட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதும் வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம். எங்கள் ஆட்களுக்கு ஒன்றிரண்டு ஏக்கர்தான். ஆனாலும் எல்லையை நடந்தே அளந்தோம். பக்கத்திலேயே வனத்துறை நிலம். புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் காட்டுக்குள் விழுந்துவிடும்.

சில்வர் ஓக் என்ற நிழல்மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் அடர்ந்த சரிவில் கைபேசி காட்டும் இடம் நிலையாக நிற்பதில்லை. சர்வே கல்லின் மீது கைபேசியை வைத்து, எண்கள் ஆடி அடங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். கூட்டுப் பட்டா நிலங்களில் அண்ணன் தம்பிகளை ஒன்றாக நிற்கவைத்து அளப்பது இன்னும் மெதுவான வேலை. ஒரு பெரியவர், “இதையெல்லாம் யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் தம்பி? நாளைக்கு என் நிலத்துக்கு ஏதாவது வந்தால்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தந்த லாட்டில், அதாவது ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் தொகுதியில், காபி கொடுத்தவர்களின் நில விவரம் மட்டுமே வாங்குபவருக்குப் போகும், ஒரு பிரதி உரிமையாளர் கையில் இருக்கும் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக்கொடுத்த பிறகே அவர் கையெழுத்துப் போட்டார். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நிலத்தின் விவரம் விவசாயியின் சொத்து.

அளவுகளை ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பாக மாற்றி, சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் இணக்க மென்பொருளில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். கைபேசிச் செயலிகள் பலவும் அட்சரேகையை முதலில் தருகின்றன. வரிசை மாறினால் தாண்டிக்குடித் தோட்டம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் விழும். மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டி நிறுத்திவிடுகிறது; எண்களைக் கண்ணால் மட்டும் பார்த்தால் இந்தப் பிழை தெரியாமல் போகலாம்.

மெய்யான சிக்கல் செயற்கைக்கோள் வரைபடத்தில் இருந்தது. வானிலிருந்து பார்த்தால் நிழல்மரங்களுக்கு அடியில் வளரும் எங்கள் காபி, காடாகத்தான் தெரிகிறது. யாராவது முற்றிய சில்வர் ஓக்கை வெட்டியிருந்தால் ‘காடு குறைந்தது’ என்று எச்சரிக்கை வரும். மரநிழலில் பயிர் செய்யும் வேளாண்காடுகளைச் சட்டமே காடு என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆனால் அதை நாம்தான் சொல்ல வேண்டும். பட்டா, அடங்கல், பழைய காபி பதிவு, செடிகளின் படம் இவற்றை ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் இணைத்தோம். 2025 மே மாதத்தில் இந்தியாவைக் குறைந்த அபாய நாடாக ஐரோப்பிய ஆணையம் வகைப்படுத்தியது. அதனால் வாங்குபவரின் ஆய்வு எளிதாகும். நில விவரம் கொடுப்பது மட்டும் மாறாது.

இன்னொரு விதி எங்கள் பழக்கத்தையே மாற்றியது. இடம் தெரியாத காபி கொஞ்சம் கலந்தாலும் அந்த லாட் முழுவதும் தகுதி இழக்கும். பழத்தின் தோலை நீக்கும் எங்கள் பல்பிங் கொட்டகையில் யார் பழம் கொண்டுவந்தாலும் ஒரே தொட்டியில் கொட்டுவது வழக்கம். இப்போது எடை போடும் இடத்திலேயே உறுப்பினர் எண்ணைக் கேட்கிறோம். அளக்காத தோட்டத்துப் பழத்துக்குத் தனித் தொட்டி. எடை போடும் பெண்களுக்கு எப்போதும் ஈரக் கை. கைபேசித் திரை சொன்னபடி கேட்காது. அதனால் நனையாத அட்டைகளில் எண்ணை அச்சிட்டு மூட்டையில் கட்டி, மாலையில் ஒருவர் உட்கார்ந்து மென்பொருளில் பதிகிறார். அந்த லாட் எண், பட்டிவீரன்பட்டியில் கியூரிங், அதாவது மேலோட்டை நீக்கித் தரம் பிரிக்கும் வேலை முடிந்து 60 கிலோ சணல் மூட்டையில் அடைபடும் வரை கூடவே வருகிறது.

சரக்கு அனுப்பும் தாள்களைத் தயாரிக்கும் போக்குவரத்து மென்பொருளின் பயன் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கியூரிங்கில் பதிந்த எடையே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துக்கான ஷிப்பிங் பில், லாரியோடு போகும் இ-வே பில் எல்லாவற்றுக்கும் போகிறது. முன்பு ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொருவர் தட்டச்சு செய்வார். ஒரு மூட்டை வித்தியாசம் வந்தாலும் தூத்துக்குடியில் சரக்கு நிற்கும். ஏ கிரேடு பிளாண்டேஷன் அரபிகாவுக்கு (பழத்தோல் நீக்கிக் கழுவிய அரபிகா) 09011111, பி கிரேடுக்கு 09011112 என்று சுங்கக் குறியீடு லாட்டோடு ஒட்டிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையும் அறுவடையும் ஒரே சமயத்தில் வருவது எங்கள் மலைக்கு உள்ள கஷ்டம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது இ-வே பில்லின் கணக்கு. மழையில் லாரி வழியில் நின்றுவிட்டால், காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்தே நீட்டிப்புக் கேட்கலாம் என்று மென்பொருள் நினைவூட்டுகிறது. செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பல் என்றால் பயணம் நீளும். அதனால் கன்டெய்னருக்குள் ஈரம் உறிஞ்சும் பைகளைக் கூடுதலாகத் தொங்கவிடச் சொல்கிறேன்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மென்பொருளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் உறுப்பினர் பட்டியலையும் பட்டா எண்களையும் ஒத்துப்பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பிறகு எல்லாத் தாளிலும் மாறும். காபி வாரியமும் தன் செயலி வழியாக விவசாயிகளைப் பதிவு செய்கிறது. அதிலும் இதே விவரத்தையே கொடுங்கள். தோட்டம் அளப்பதை அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால் சர்வே கல்லைக் காட்ட ஒருவரும் கூட வர மாட்டார்கள்.