பிரட்டுக் களத்தில் எடுத்த படம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் நூலகத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஓவியத்தைப் பற்றியும் புகைப்படக் கலையைப் பற்றியும் உரை நடக்கும் என்ற அறிவிப்பைப் பார்த்தபோது, அது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். மகளைக் கொண்டுபோய் விடுவதற்காகச் சென்றவன், வெளியே வெயில் கடுமையாக இருந்ததால் பின்வரிசையில் உட்கார்ந்தேன்; அதன்பின் ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை. இதுவரை ஐந்து உரைகள் முடிந்திருக்கின்றன. அவற்றில் கேட்டதையும், கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததையும் எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம், குறிப்பாக இரண்டாவது உரைக்குப் பிறகு, என்னை விடவில்லை.

உரையாற்றுகிறவர் ஈப்போவில் ஒரு நாளிதழில் நெடுங்காலம் புகைப்படக்காரராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். நூலகப் பொறுப்பாளரான மலாய்ப் பெண்மணிக்கும் புரிய வேண்டும், முன்வரிசையில் அமரும் ரப்பர் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், மலாயில் ஒரு வாக்கியமும் தமிழில் இரண்டு வாக்கியமுமாகப் பேசுவார். எந்தக் கேமராவை வாங்கலாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் உரையின் முடிவில் அவர் எங்களிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார். "உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய படத்தை அடுத்த மாதம் எடுத்து வாருங்கள். அதை யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள்."

அடுத்த மாதம் நூலகத்தின் நீள மேசை நிறைந்துவிட்டது. மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் நிற்கும் மணமக்கள் வந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக நிற்கும் இழவு வீட்டுப் படங்கள் வந்தன. தோட்டத்துக் கால்பந்துக் குழு வந்தது. மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தனுக்கு மாலை போடும் ஒருவரின் பாதி முகம் மட்டும் விழுந்த படம் ஒன்று வந்தது. சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தவர் என்பதால், இங்கே பழைய ஆல்பங்களைப் புரட்டினால் எங்காவது ஒரு பக்கத்தில் அவர் இருப்பார். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தவை, நேராகப் பார்க்கும், சிரிக்காத, இரண்டு காதும் தெரியும் சின்னஞ்சிறு முகங்களும், அவற்றையே பெரிதாக்கிச் சட்டமிட்ட படங்களும்தான். பெரியவர் அவற்றை மட்டும் பிரித்தெடுத்து மேசையின் ஓர் ஓரமாக அடுக்கிவிட்டு, "இவை எல்லாம் ஐசிக்காக, அதாவது அடையாள அட்டைக்காக எடுத்தவை. நம்மில் பல குடும்பங்களுக்கு முதல் படமே இதுதான்" என்றார்.

அதன் தொடக்கம் எங்கள் ஊர்தான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டை அடுத்த இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்பில் தோட்டம் அவற்றில் ஒன்று. சில நாள்களுக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளையும் ஊர் மக்களையும் பிரித்தறிவதற்காக, 12 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டையை அரசாங்கம் கொடுக்கத் தொடங்கியது. போராளிகளோ அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்துப் போட்டார்கள். இந்த வரலாற்றைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அதற்கும் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் சந்தன மாலையோடு தொங்கும் பாட்டியின் படத்துக்கும் உறவு உண்டு என்பது மட்டும் அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தையிடம் கேட்டபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. அப்போது பாட்டிக்கு 17 வயது. தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடமான பிரட்டுக் களத்தில், தோட்டக் கணக்கரான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு நேரே வந்த கோலம். தலைத்துணியை மட்டும் அவிழ்க்கச் சொன்னார்களாம். அதற்கு முன் பாட்டியை யாரும் படம் எடுத்ததில்லை. அதன்பின் அவருடைய கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. மிஞ்சிய ஒரு பிரதியைத் தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அவர் இறந்தபோது அப்பா அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார். ஸ்டுடியோக்காரர் தூரிகையால் புருவத்துக்குக் கறுப்பிட்டு, கலைந்திருந்த முடியைப் படிய வைத்து, ரவிக்கைக்கு நீலம் தீட்டி, இரண்டு காதிலும் சிவப்புக்கல் தோடு வரைந்து கொடுத்திருக்கிறார். அந்தத் தோடு பாட்டியுடையது என்றே நான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

மூலப் படம் ஒரு பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. அதை நூலகத்தின் ஸ்கேனரில் 1,200 புள்ளி நுணுக்கத்தில் வைத்துத் திரையில் பெரிதாக்கியபோது, காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகிய துடைப்பக் குச்சி இருந்தது. தோள்பட்டையில் வெளிறிய திட்டாகக் காய்ந்த பால் கறை தெரிந்தது. கண்கள் அளவுக்கு மீறி அகலமாகத் திறந்திருந்தன. என் பக்கத்தில் நின்ற மகள், "பாட்டி பயந்து போயிருக்காங்கப்பா" என்றாள். தோடு வரைந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். தாய்க்கு ஒரு தோடு வாங்கிப் போட முடியாமல் போன என் அப்பாவுக்கு அந்தத் தூரிகை பெரிய ஆறுதலைக் கொடுத்திருக்கும். ஆனாலும் குச்சி செருகிய அந்த முகம்தான் என் பாட்டி. இப்போது இரண்டு படங்களையும் அடுத்தடுத்து மாட்டியிருக்கிறேன்.

கேமரா யார் கையில் இருந்தது என்ற கேள்வியைப் பெரியவர் மூன்றாவது உரையிலும் தொடர்ந்தார். புகைப்படம் எடுக்கும் முறை பாரிசில் 1839-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. அப்படி எடுத்த ஒரு படத்தைப் பார்த்து வியந்து, மெருகிட்ட உலோகத் தகட்டில் ஊர் முழுவதும் பதிந்திருந்த விதத்தை மலாயில் எழுதி வைத்தவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. சிறு வயதில் தமிழ் கற்றவர், தமிழ் வழி உறவும் உடையவர். இது எனக்குப் புதிய செய்தி. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் இயங்கிய லம்பர்ட் போன்ற ஸ்டுடியோக்கள் இந்த வட்டாரத்து மக்களைப் படமெடுத்து விற்றன. அத்தகைய பழைய படங்கள் சிலவற்றைப் பெரியவர் திரையில் காட்டினார். மூக்குத்தியும் தண்டட்டியும் அணிந்த பெண் ஒருத்தி. கீழே அவளுடைய இனத்தின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது, அவளுடைய பெயர் இல்லை. அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

நான்காவது உரை நிறத்தைப் பற்றியது. இதை எங்கள் ஊரில் யாராவது 40 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. என் அத்தையின் கல்யாணம் 1978-ல் நடந்தது. கலர் படம். மாமாவின் வெள்ளைச் சட்டையும் பின்சுவரும் பளிச்சென்று இருக்க, அத்தையின் முகத்தில் கண்ணும் பல்லும் தவிர வேறொன்றும் தெரியாது. அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சொன்ன சொல் அவர் மனத்தில் தைத்துவிட்டது. அன்று முதல் கேமராவைக் கண்டாலே முகத்தில் பவுடரை அப்பிக்கொள்வார், அல்லது யார் முதுகுக்காவது பின்னால் போய் நின்றுகொள்வார்.

பெரியவர் விளக்கிய காரணம் இது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையே அதற்கு நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. வெள்ளைச் சுவரும் வெள்ளைச் சட்டையும் படத்தை நிறைத்திருந்தால், ஒளி மிகுந்துவிட்டது என்று நினைத்து அது எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. சுவர் சாம்பலாகிறது, கறுத்த முகம் கரியாகிறது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. கலர் படம் கழுவும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிப் படத்தை வைத்திருந்தார்கள். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அவளுடைய தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. அத்தையின் நிறத்தில் ஒரு குறையும் இல்லை; அந்த நிறத்தை மனத்தில் வைத்து யாரும் அளவெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று அத்தையையும் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன். பெரியவர் அவரிடம், "கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கம்மா" என்றார். "என்னைய எதுக்குங்க, சின்னப் பிள்ளைங்கள எடுங்க" என்று அத்தை மறுத்தும், கிழக்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். பின்னால் இருந்த வெள்ளைச் சுவரை விலக்கி, புத்தக அடுக்குகளின் நிழல் பின்னணியாக வரும்படி நாற்காலியைத் திருப்பினார். என்னுடைய கைப்பேசியைத்தான் வாங்கினார். திரையில் அத்தையின் கன்னத்தின்மீது விரலை வைத்து ஒரு கணம் அழுத்தினார். ஒளியளவு அந்த இடத்துக்கு ஏற்ப நின்றுகொண்டது. பக்கத்தில் தோன்றிய சிறு சூரியக் குறியை இழையளவு மேலே நகர்த்தினார். ஃபிளாஷ் இல்லை. எண்ணெய் தேய்த்தாற்போல மினுங்கும் கன்ன மேடு, மூக்குத்தியின் ஓரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம், கழுத்துச் சுருக்கங்களில் செம்பழுப்பு. அத்தை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் இப்படியா இருக்கேன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

ஓவியத்தைப் பற்றிய ஐந்தாவது உரை சற்று அவசரமாக முடிந்துவிட்டது; மழை கொட்டி மின்சாரம் போய்விட்டதும் ஒரு காரணம். தேசியக் கலைக்கூடம் 1958-ல் நன்கொடையாக வந்த நான்கே படைப்புகளோடு கோலாலம்பூரில் தொடங்கியதைச் சொன்னார். தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் 1943-ல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னையில் ஓவியம் பயின்ற சையத் தாஜுதீனின் படங்களைப் புத்தகத்திலிருந்து காட்டினார். அஜந்தாச் சுவர்களில் இருப்பவர்களைப் போல நீண்ட கண்ணும் வளைந்த உடலுமாக, பழுப்பும் சிவப்பும் தோய்ந்த பெண்கள். இராமாயணக் காட்சிகளையும் அவர் பெரிய அளவில் வரைந்திருக்கிறார். முந்தைய மாதம் நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்ததால், அந்தப் பழுப்பை எல்லோரும் வேறு கண்ணோடு பார்த்தோம். இதற்கு இன்னொரு சனிக்கிழமை ஒதுக்க வேண்டும் என்று பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இடையிடையே பெரியவர் சொன்ன பராமரிப்புக் குறிப்புகளும் எங்களைப் போன்ற ஈரக்காற்று ஊர்களுக்கு அவசியமானவை. பசை தடவிய தாளின்மேல் பிளாஸ்டிக் மூடியிருக்கும் ஆல்பங்கள் படங்களை மஞ்சளாக்கிவிடும். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது; ஆல்பத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்தெடுக்கலாம். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் புடைக்கும். மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். நெகடிவ் இருந்தால் தூக்கிப் போடவே கூடாது. இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் வட்டாரத்துப் பழைய ஸ்டுடியோ ஒன்றை மூடியபோது, பல தோட்டங்களின் கல்யாணமும் காதுகுத்தும் இருந்த நெகடிவ் பெட்டிகளைக் குப்பை லாரியில் ஏற்றியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கேட்டு வாங்கியிருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தோட்டங்கள் சிலவற்றில் இப்போது பால்மரமும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை. செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது.

ஐந்தாவது உரைக்குப் பின்வந்த ஞாயிற்றுக்கிழமை, உறவினர் ஒருவரின் சிறுதோட்டத்துக்கு நானும் மகளும் விடியுமுன் போனோம். வெயில் ஏறுவதற்கு முன் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால்தான் பால் நன்றாக வடிகிறது, அதனால்தான் வெட்டும் இருட்டிலேயே தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் பார்த்த அந்த வெளிச்சத்தை என் மகள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். தலைவிளக்கின் வட்டத்துக்குள் உளி இறங்க, வெட்டுக்கோட்டில் வெள்ளை ஊறி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நோக்கி ஓடியது. கைப்பேசியைப் பக்கத்து மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, அசைவில்லாமல் ஏழெட்டுப் படம் எடுத்தாள். இரண்டு கலங்கிவிட்டன. ஒன்றில் கையும் உளியும் ஒரு சொட்டுப் பாலும் மட்டும் தெளிவாக இருந்தன. வெட்டியவரிடம் அந்தப் படத்தைக் காட்டி, நூலகத்தில் வைக்கலாமா என்று முதலில் அனுமதி கேட்டாள். அது பெரியவர் சொல்லிக் கொடுத்தது.

ஜன்னலோரத்தில் எடுத்த அத்தையின் படத்தை நேற்றுப் பிரதி போட்டு எடுத்து வந்தேன். அத்தை அதைத் திருப்பி என்னிடம் நீட்டி, பின்னால் எழுதச் சொன்னார். பென்சிலால் அவருடைய பெயரை எழுதினேன். "எங்கம்மா பேரையும் போடுப்பா" என்றார். பாட்டியின் பெயரை எழுதி, இன்னார் மகள் என்று சேர்த்தேன். பிறகு ஊர், ஆண்டு, எடுத்தவர் பெயர். அத்தை அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டு, புடவைகளுக்கு அடியில் வைக்காமல், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்.