ஊசி எப்போது ஏறுகிறது?

எஞ்சின் சூடாகிறது என்று மட்டக்களப்பிலுள்ள எங்கள் கராஜுக்கு வருபவரிடம், பொனெற்றைத் திறப்பதற்கு முன்னரே, வெப்பமானி ஊசி எந்த இடத்தில் ஏறுகிறது என்று கேட்டுவிடுவேன். கல்லடிப் பாலத்தடி நெரிசலில் ஏறி, செங்கலடி தாண்டி வேகமெடுத்ததும் இறங்கினால் பெரும்பாலும் விசிறியில்தான் கோளாறு. பாரத்தோடு பிபிலையைத் தாண்டி மலையேறும்போது மட்டும் கொதித்தால் எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேற்றரையோ அதைச் சுற்றவைக்கும் வோட்டர் பம்பையோ சந்தேகிக்க வேண்டும். வெளியே ஒழுகாமல் தண்ணீர் குறைந்து, ரேடியேற்றரில் குமிழியும் வந்தால், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையே அடைக்கும் ஹெட் காஸ்கெட் போய்விட்டது. அந்தச் செலவை உரிமையாளரிடம் சொல்லவே வாய் வராது.

வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரையில் அறுவடை ஓய்ந்த சமயத்தில் வந்த வேன் ஒன்று, நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் ஒரேமாதிரிச் சூடானது. ஏற்கெனவே வேறிடத்தில் ரேடியேற்றர் மூடியை மாற்றி, விசிறியைத் தனிச் சுவிட்சில் ஓடவிட்டு, தண்ணீர் சூடானதும் ரேடியேற்றருக்கு வழிவிடும் தேர்மோஸ்டற்றையும் கழற்றியிருந்தார்கள். இந்த வெயிலுக்கு அது எதற்கு என்ற எண்ணம் நம்மவர் பலரிடம் உண்டு. ஆனால் ஏறத்தாழ 82 பாகை செல்சியஸில் திறக்கத் தொடங்கும் அந்த வால்வு, சில எஞ்சின்களில் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேற்றரை எட்டாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். ஆகவே முதலில் புதியதொன்றைப் பூட்டினேன்.

எஞ்சின் சூடேறிய பின்னர் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தன. கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பென்று கொண்டிருப்பேன். இங்கோ தண்ணீர் ஓடுகிறது, வெப்பம்தான் வெளியேறவில்லை. விசிறி சுற்றும்போது முன்பக்கத்தில் பிடிக்கும் கடதாசி காற்றிழுவையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இதில் அது வழுக்கி விழுந்தது.

ரேடியேற்றரின் மேற்பிடிகளைக் கழற்றிச் சாய்த்தபோது, ஏசியின் வெப்பத்தை வெளியேற்ற அதன் முன்னால் நிற்கும் கண்டென்சருக்கும் அதற்கும் இடையே, முன்னாலிருந்து கண்ணுக்கு எட்டாத இடத்தில், பதரும் வைக்கோல் தூசும் பூச்சிச் சிறகுகளும் புழுதியோடு இறுகிப் பாய்போல் படிந்திருந்தன. அதைக் கையால் உரித்தெடுத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்நோக்கி மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சினோம். பிரஷர் வொஷர் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், கடற்காற்றில் அரிபட்டவை என்றால் உதிர்ந்தே போகும். பின்னர் கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றி, ஏசியைப் போட்டபடி வேனை நிறுத்திவைத்து ஓடவிட்டோம். ஊசி நடுவைத் தாண்டவில்லை.

விசிறியை மறுபடி, சூட்டை அறிந்து அதை ஓடவைக்கும் சென்சரோடு இணைத்துவிட்டேன். தனிச் சுவிட்சைக் கழற்ற மட்டும் உரிமையாளர் விடவில்லை. ஆபத்துக்கு இருக்கட்டும், தம்பி என்றார்; இனி அது தேவைப்படாதென்று தெரிந்தும் விட்டுவைத்தேன்.