குர்ஜாக்களின் ஊரில் ஆறு நாள்

ஜனவரி 10, 2026, சனி. ஃபலோடி

குர்ஜா என்கிற வலசைப் பறவையைப் படம் எடுக்க ராஜஸ்தானுக்கு வந்திருக்கிறேன். இரண்டு இரவு ரயில், அப்புறம் ஜோத்பூரிலிருந்து பஸ். ஃபலோடியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவான ஊர் இது. இன்றைக்கு ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வந்ததும் கடைத்தெருவில் ஐந்து கிலோ சோளம் வாங்கினேன். லென்ஸுக்கு அடியில் வைக்கிற பீன் பேக்கை எப்போதும் காலியாகத்தான் எடுத்து வருவேன். போகிற ஊரில் எந்தத் தானியம் மலிவோ அதை நிரப்பிக்கொள்வது வழக்கம். பறவைகளுக்குப் போடத்தான் வாங்குகிறேன் என்று நினைத்த கடைக்காரர் "குர்ஜாவுக்கா?" என்று கேட்டு, அளந்ததற்கு மேல் இரண்டு கை அள்ளிப் போட்டார். நான் தலையாட்டிவிட்டேன். அது பொய். ராத்திரி முழுக்க உறுத்துகிறது.

ஜனவரி 11, ஞாயிறு. கீச்சன்

ஃபலோடியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். விடிவதற்கு முன்பே, குர்ஜாக்களுக்குத் தானியம் இறைக்கும் முற்றத்தை ஒட்டிய ஒரு வீட்டு மொட்டைமாடியில் இடம் கொடுத்தார்கள். இருட்டில் எதுவும் தெரியவில்லை, சத்தம்தான் முதலில் வந்தது. தொண்டைக்குள் உருட்டிவிடுகிற மாதிரி "க்ர்ரோக்... க்ர்ரோக்" என்று ஊருக்கு வெளியே மணல்மேட்டிலிருந்து. ஒன்று இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில்.

குர்ஜா என்று இங்கே கூப்பிடுவது டெமாய்செல் கிரேன் என்கிற, நாரை மாதிரி நீண்ட கால் உள்ள பறவையை. உலகில் உள்ள கிரேன் இனங்களில் இதுதான் சிறியது, நின்றால் நம் இடுப்பளவுக்குத்தான் வரும். மங்கோலியா, கஜகஸ்தான் பக்கம் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி இங்கே வருகிறது. தவுலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்துவைத்த பள்ளத்தாக்கு அதன் வழிகளில் ஒன்று. அங்கே பொன்னாங்கழுகுகள் காத்திருக்கும். அவ்வளவையும் கடந்து செப்டம்பரில் வந்து, மார்ச் வரை இருக்கும்.

வெளிச்சம் வந்ததும் முதல் கூட்டம் எழுந்தது. நேரே இறங்கவில்லை. முற்றத்துக்கு மேலே இரண்டு சுற்று, மூன்று சுற்று. கீழே நாய் இருக்கிறதா, புது ஆள் யாராவது நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் காலை நீட்டியது. ஒன்று இறங்கியதும் மற்றவை மழை மாதிரி கொட்டின. ஷட்டரை நொடியில் 2000இல் ஒன்று வைத்து இறக்கைகளை உறையவைத்தேன். பிறகு 30இல் ஒன்றுக்குக் குறைத்து, பறவையோடு சேர்த்து லென்ஸையும் நகர்த்தினேன். நூறு படத்தில் தேறியது நாலு. கழுத்தும் கண்ணும் மட்டும் கூர்மை, மற்றதெல்லாம் சாம்பல் நிறத் தீற்றல்.

படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவரை வெட்டிவிட்டேன், தானிய மூட்டையை வெட்டிவிட்டேன், மேலே போகும் மின்கம்பியை வெட்டிவிட்டேன். ஆளே இல்லாத ஏதோ காட்டில் எடுத்தது போல் இருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

காலைத் தீனி முடிந்ததும் பறவைகள் குளத்துக்குப் போகின்றன. ராத்ரி நாடி, விஜயசாகர் தலாப் என்று இரண்டு நீர்நிலைகள். கடந்த ஆண்டு ஜூனில் கீச்சன், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உதய்பூர் பக்கத்து மேனாரும் அதோடு சேர்ந்தது.

கரையில் வயிறு தரையில் பட மூன்று மணி நேரம் படுத்திருந்தேன். வெளுத்த மணலைப் பார்த்து கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். சரி என்று வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் கூட்டினால், கண்ணுக்குப் பின்னால் தொங்கும் வெள்ளை முடிக்கற்றை வெளுத்துக் காணாமல் போகிறது. அந்தக் கற்றையும் சிவப்புக் கண்ணும் போய்விட்டால் குர்ஜாவே இல்லை. கால் ஸ்டாப்போடு நிறுத்திக்கொண்டேன்.

மிக அருகே ஒரு பறவை வந்தது. குடிக்க வரவில்லை. அலகால் மண்ணைக் கிளறி, கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, கீழே போட்டது. இன்னொன்றை எடுத்தது. மூன்றாவதைத்தான் விழுங்கியது. பல் இல்லாத பறவைக்கு வயிற்றுக்குள் அதுதான் அம்மிக்கல். அம்மி பொறுக்குவதிலும் இத்தனை கவனமா! கைகள் ஆடாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன்.

பத்து மணிக்கு மேல் கானல் ஏறிவிட்டது. எந்த லென்ஸாலும் அதை வெல்ல முடியாது. நீளமான லென்ஸ் என்றால் கானலையும் சேர்த்துப் பெரிதாக்கித்தான் காட்டும். மூட்டை கட்டும் நேரத்தில் யாரோ ஒருவர் டிரோனைக் கிளப்பினார். குளம் மொத்தமும் ஒரே நொடியில் காலி. அவருக்கு அரை நிமிட வீடியோ, அவற்றுக்கு அன்றைய தண்ணீர். போய்ச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். இறக்கிவிட்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று கேமராவை எடுக்க மனமில்லை. காலையில் கம்பிக்குக் கீழே ஒரு குர்ஜா கிடந்தது. ஒரு சிறகு தோளோடு தொங்கிப்போயிருந்தது, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினான். பிழைக்கவில்லை.

பறக்கும்போது இவற்றின் பார்வை தரையில் இருக்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே மெல்லிய கம்பி இருப்பது தாமதமாகத்தான் தெரியும். தெரிந்த பிறகு, இந்த அகலச் சிறகை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது. இமயத்தைத் தாண்டிய பறவை வாசலில் வந்து விழுகிறது. அடிபட்ட குர்ஜாக்களுக்கு வைத்தியம் பார்க்கும் இந்த ஊர்க்காரர் சேவாராம் மாலி, கம்பிகளுக்காக நீதிமன்றம் வரை போனவர். அந்தக் கம்பியைத்தான் நான் இரண்டு நாளாக ஒவ்வொரு படத்திலும் கவனமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 14, புதன்

சங்கராந்தி. தானம் செய்கிற நாள் என்பதால் தானிய முற்றத்துக்குக் காலையிலிருந்தே ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்.

சிவப்புக் கல் ஹவேலிகள், அதாவது பழைய மாளிகை வீடுகள், இருக்கும் தெருவில் நடந்தேன். பாதிக்கு மேல் பூட்டு. ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எந்த ஊர் என்றார், சென்னை என்றேன். "மத்ராஸா? என் அண்ணன் சவுகார்பேட்டையில் கடை வைத்திருந்தார்" என்று எழுந்து உட்கார்ந்து, டீ சொல்லிவிட்டார். இந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியூரில் வியாபாரம் செய்கிறார்கள், ஊருக்கு வராவிட்டாலும் தானியத்துக்குப் பணம் வந்துவிடும் என்றார்.

ஆரம்பம் 1970களில். ரத்தன்லால் மாலுவும் அவர் மனைவியும் புறாக்களுக்கு இறைத்த தானியத்தைத் தேடி ஒரு சில குர்ஜாக்கள் வந்தன. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். நாய்கள் துரத்தவே வேலி போட்டார்கள். இப்போது குளிர்காலத்தில் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டுகிறது.

"தாதாஜி, குர்ஜாவுக்குப் பாட்டு உண்டாமே?" என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். பிழைப்புக்குப் போன கணவனுக்குச் சேதி கொண்டுபோகச் சொல்லிப் பெண்கள் பாடுவது என்றார். உள்ளேயிருந்து அவர் வீட்டு அம்மா, முகத்திரையை விலக்காமலே, இரண்டு வரி பாடிக் காட்டினார். நாமும் நாரையைத் தூது விட்டவர்கள்தான். எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது. பூட்டிய அந்த வீடுகளில் எத்தனை பெண்கள் இப்படி வானத்தைப் பார்த்திருப்பார்கள்!

சாயங்காலம் பெரிய லென்ஸை அறையிலேயே வைத்துவிட்டு, அகலக் காட்சிக்கான 24-70 லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். நாளைக் காலைக்கான தானியத்தை அப்போது இறைத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையைத் தோளில் சாய்த்து ஒருவர் நடக்க, பின்னால் சோளம் கோடாக விழுந்தது. சுவர், வேலி, மேலே குறுக்காகக் கம்பி, அதற்கும் மேலே மணல்மேட்டுக்குத் திரும்பும் குர்ஜா வரிசை. எதையும் வெட்டவில்லை. இந்தப் பயணத்தில் நான் எடுத்த படம் என்று சொன்னால் இதுதான்.

ஜனவரி 15, வியாழன்

காலையில் அம்மாவிடமிருந்து போன். "பொங்கல் பொங்கிடுச்சு, நீ எங்கப்பா இருக்கே?" என்றார். போனை மாடிச் சுவருக்கு மேல் பிடித்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இத்தனையும் பறவையா?" என்றார்.

கிளம்புவதற்கு முன் பீன் பேக்கின் ஜிப்பைப் பிரித்து, ஐந்து கிலோவையும் தானியக் கிடங்கில் இருந்தவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி உடனே மூட்டையில் கொட்டிவிடவில்லை. சல்லடையில் போட்டுச் சலித்தார். பையின் உள்தையலிலிருந்து உதிர்ந்த நூல் ஒன்று கிடந்தது, அதை விரலால் எடுத்து எறிந்தார். இன்னொரு தடவை சலித்தார். பிறகு மற்ற மூட்டைகளோடு சேர்த்துக்கொண்டார்.